எண்ணும் மேடையும்: 1.0 வெளியீட்டையும் திருகோணமலை மாநாட்டையும் எந்த ஒழுங்கில் வைப்பது?

திருகோணமலை மாவட்டத்தின் கிராமத்து வாசிகசாலைகளுக்காகவும் பாடசாலை நூலகங்களுக்காகவும் நாங்கள் எழுதிவரும் திறந்த மூல (நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய) நூற்பட்டியல் மென்பொருள் இப்போது 0.9 ஆம் பதிப்பில் நிற்கிறது. அதற்கு 1.0 என்ற எண்ணை எப்போது வழங்குவது, அதன் முதலாவது நிரலாளர் மாநாட்டை எந்த மாதத்தில் எங்கே கூட்டுவது என்ற இரண்டையும் பராமரிப்பாளர் குழு இந்த மாத இறுதிக்குள் முடிவு செய்ய வேண்டும். கடந்த மூன்று கூட்டங்களிலும் இவை இரண்டும் ஒரே கேள்வியாகவே பேசப்பட்டன. மாநாட்டு மேடையில் 1.0 ஐ வெளியிடுவோம், அதற்கு ஒரு நல்ல நாளைப் பார்ப்போம் என்பதே பெரும்பாலானோரின் எண்ணமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் மறுப்பைச் சொல்வதற்கு முன் ஒவ்வொரு வழியையும் அதனதன் நியாயத்தோடு எடுத்து வைப்பது கடமை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1.0 என்ற எண் யாருக்கு எதைச் சொல்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். திறந்த மூலத் திட்டங்கள் பலவும் இன்று பின்பற்றும் செமான்டிக் வெர்ஷனிங் விதிமுறையின்படி, பூச்சியத்தில் தொடங்கும் பதிப்புகளில் எதுவும் எந்த நேரத்திலும் மாறலாம், 1.0.0 வந்த பிறகு, மற்ற நிரல்கள் பயன்படுத்துவதற்கென்று வெளியே அறிவித்த இடைமுகத்தை உடைக்கும் மாற்றம் எதுவும் முதல் எண்ணை உயர்த்தாமல் வரக் கூடாது. நிரலாளருக்கு இது இடைமுகம் பற்றிய வாக்குறுதி. நூலகருக்கோ இது அவர் தட்டெழுதிய பட்டியலைப் பற்றிய வாக்குறுதி: இன்று பதிந்த நூல் அடுத்த பதிப்பிலும் அப்படியே இருக்கும், தேடினால் கிடைக்கும், காப்புப்பிரதியிலிருந்து மீட்டால் ஒன்றும் குறையாமல் வரும். நம் பயனர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு பழைய கணினியும் ஒரு பென்டிரைவும் மட்டுமே. பட்டியல் கெட்டுப்போனால் சரிசெய்து கொடுக்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் எவரும் அருகில் இல்லை. ஆகவே இரண்டாவது வாக்குறுதியே எங்களுக்குக் கனமானது.

அந்தக் கனத்தை நான் 0.6 ஆம் பதிப்பில் உணர்ந்தேன். மூதூர்ப் பக்கத்து வாசிகசாலை ஒன்றின் நூலகர், ஏறத்தாழ 1,300 நூல்களின் விபரத்தைப் பல ஆண்டுகளாகப் பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டெழுதி வைத்திருந்தார். மறுநாள் காலையில் விருந்தினர் சிலருக்கு மென்பொருளைக் காட்டுவதாக நாங்கள் ஒப்புக்கொண்டிருந்ததால், பாமினியை இன்றைய பொதுக் குறிமுறையான யுனிகோடாக மாற்றும் பகுதியை அன்றிரவு அவசரமாக முடித்து, அவருடைய பட்டியலை ஏற்றினோம். காட்சி நன்றாகவே நடந்தது. நான்கு நாள் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, 'கொ' எண்டு அடிச்சா ஒண்டும் வரேல்லை, புத்தகம் அலுமாரியிலதான் இருக்குது" என்றார்.

நடந்தது இதுதான். பாமினியில் 'கொ' என்று எழுத, முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு அரவு என்று கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் மூன்று விசைகளை அழுத்த வேண்டும். எங்கள் மாற்றி கொம்பை எழுத்துக்குப் பின்னால் சரியாகவே நகர்த்தியது. ஆனால் கொம்பையும் அரவையும் ஒகரக் குறியாக இணைக்காமல் இரண்டு தனிக் குறிகளாக விட்டுவிட்டது. திரையில் இரண்டு வடிவமும் 'கொ' என்றே தோன்றும். தரவுத்தளத்தில் கிடந்தது இரண்டு குறிகள், அவர் யுனிகோட் விசைப்பலகையில் தட்டியது ஒரு குறி; தேடலைப் பொறுத்தவரை அவை வேறு வேறு சொற்கள். ஒரே எழுத்தின் வேறு வேறு குறி வடிவங்களை ஒன்றாக்கும் யுனிகோடின் இயல்பாக்க முறையைப் பயன்படுத்தினால் இது ஒரு வரியில் தீரும், 0.7 இல் அப்படியே தீர்த்தோம். ஆனால் 'கௌரி' என்பதைக் கொம்பும் 'ள' என்ற எழுத்தும் சேர்த்துக் 'கெளரி' என்று தட்டியவர்களின் பட்டியலை அந்த இயல்பாக்கம் தொடாது. அகரவரிசையும் அப்படித்தான்: யுனிகோட் அட்டவணையில் 'ர' வுக்கு அடுத்து 'ற', 'ந' வுக்கு அடுத்து 'ன' என்று எழுத்துகள் அமைந்திருப்பதால், குறி எண்ணின்படி அடுக்கினால் நூற்பட்டியல் தமிழ் நெடுங்கணக்கின் ஒழுங்கில் வராது. இத்தகைய வழுக்கள் எங்கள் சோதனைத் தரவில் ஒருபோதும் அகப்படவில்லை. நாங்கள் தட்டெழுதும் விதம் ஒன்று, நூலகர்கள் பத்து ஆண்டுகளாகத் தட்டெழுதிய விதம் வேறு. அந்த நூலகர் மூன்று நாள் அலுமாரிக்கு முன்னால் நின்று, காணாமற்போன தலைப்புகளைக் கையால் எழுதி எங்களுக்கு அனுப்பினார். அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

இனி வழிகளுக்கு வருகிறேன். முதலாவது, மாநாட்டு மேடையிலேயே 1.0 ஐ வெளியிடுவது. இதன் பக்கம் உள்ள நியாயம் சிறியதன்று. ஊதியமில்லாமல் மாலை நேரங்களில் எழுதும் குழுவுக்குக் கெடு நாள் ஒன்று இருந்தால்தான் வேலை நகர்கிறது. இரண்டு மாதம் அசையாமல் கிடந்த நிரல் திருத்தங்கள் ஒரு காட்சிக்கு முந்திய வாரத்தில் மளமளவென்று இணைக்கப்பட்டதை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். பிரதேச சபைத் தவிசாளரும் வலயக் கல்வி அலுவலகத்தவரும் ஒரு வெளியீட்டு விழாவுக்கு வருவார்கள், தொழில்நுட்பப் பேச்சுகளுக்கு வரமாட்டார்கள். அனுசரணையாளரிடம் "என்ன வெளியிடுகிறீர்கள்?" என்ற கேள்விக்கு ஒரு பதிலும் கையில் இருக்கும்.

இதற்கு இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு, இரண்டும் எதிர்த் திசைகளைக் காட்டுகின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலின் 1.0 பதிப்பு 1994 மார்ச்சில் ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்தில் விழா எடுத்து வெளியிடப்பட்டது. அதனால் கேடு எதுவும் விளையவில்லை. ஆனால் அந்த விழாவுக்கு முந்திய கதையைப் பார்க்க வேண்டும். 1992 மார்ச்சில் அதைத் தொடங்கி எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் பதிப்பெண்ணை 0.12 இலிருந்து 0.95 க்கு உயர்த்தியபோது 1.0 மிக அருகில் வந்துவிட்டதென்றே நம்பினார். மீதித் தூரத்தைக் கடக்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த இரண்டு ஆண்டுகளும் கழிந்த பிறகே மண்டபம் நிறைந்தது. மற்றது கே.டி.இ. மேசைத்தளத்தின் 4.0 பதிப்பு. ஏற்கெனவே பின்போடப்பட்ட அந்தப் பதிப்பு 2008 ஜனவரி 11 இல் வெளிவந்தது. அதைக் கொண்டாடும் விழா அதே மாதம் 17 முதல் 19 வரை கலிபோர்னியாவில் கூகுள் வளாகத்தில் நடந்தது. இது செயலிகளை எழுதுவோருக்கான அடித்தளம், முந்திய பதிப்பின் வசதிகள் எல்லாம் இன்னும் வந்து சேரவில்லை என்று திட்டத்தவர்கள் விளக்கிச் சொன்னார்கள். ஆனால் எண்ணைப் பார்த்த பயனர்கள் அதை முடிந்த பொருளாகவே எடுத்துக்கொண்டார்கள், லினக்ஸைத் தொகுத்து வழங்கும் விநியோகங்களும் அதைச் சேர்த்தன, பிறகு வந்த ஏமாற்றம் அந்தத் திட்டத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அவர்கள் பக்கமும் ஒரு வாதம் உண்டு: வெளியிடாமல் இருந்திருந்தால் போதிய சோதனையாளர்களும் செயலிகளும் வந்திருக்கமாட்டார்கள் என்றார்கள். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மேசைத்தளம் பிடிக்காதவர் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். எங்கள் நூலகர் தன் கையெழுத்துப் பதிவேட்டை மூடிவிட்டுப் பட்டியலை எங்களிடம் ஒப்படைத்த பிறகு திரும்பிச் செல்ல அவருக்கு இடமில்லை.

இரண்டாவது வழி, ஆயத்தமானபோது வெளியிடுவது. மாநாட்டைப் பற்றி அதன் பிறகு யோசிப்பது. கொள்கையளவில் இதுவே நேர்மையானது. லினக்ஸ் விநியோகங்களில் ஒன்றான டெபியன் திட்டத்தின் நீண்ட கால மரபும் இதுதான். ஆனால் 2002 ஜூலையில் வெளிவந்த டெபியன் 3.0 க்குப் பிறகு 3.1 வர 2005 ஜூன் ஆனது. 2003 இல் தொடங்கிய இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் 1.0 ஐ எட்டியது 2020 மே மாதத்தில்; 1993 இல் தொடங்கிய, விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் இயக்கும் வைன் 2008 ஜூனில். இவை பெரிய பங்களிப்பாளர் கூட்டத்தைக் கொண்ட திட்டங்கள், அந்தத் தாமதத்தைத் தாங்கின. நாங்கள் ஆறு பராமரிப்பாளர்கள். பங்களிப்பவர்களில் பாதிப்பேர் இறுதியாண்டு மாணவர்கள். அவர்கள் பட்டம் பெற்றுக் கொழும்புக்கோ கடல் கடந்தோ போன பிறகு, பதினைந்து ஆண்டு காத்திருக்க எங்களிடம் ஆள் இருக்காது. முடிவுநாள் இல்லாத காத்திருப்பை எங்கள் அளவிலான திட்டத்துக்குப் பரிந்துரைக்க நான் துணியமாட்டேன்.

இதனோடு சேர்த்து, நாட்காட்டிப்படி வெளியிடும் முறையையும் சிலர் முன்மொழிந்தார்கள். உபுண்டு என்ற லினக்ஸ் விநியோகம் 2004 ஒக்டோபர் முதல் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் வெளிவருகிறது. எங்கள் துறைக்கு மிக நெருங்கிய உதாரணம் கோஹா: நியூசிலாந்தின் ஹொரொவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த அந்த நூலக மென்பொருள், இன்று ஆண்டுதோறும் மே மாதத்திலும் நவம்பரிலும் புதிய பதிப்பைத் தருகிறது. (கோஹா இருக்க நீங்கள் ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு: சேவையகமும் அதைப் பராமரிக்க ஒருவரும் உள்ள நூலகத்துக்கு நான் கோஹாவையே பரிந்துரைக்கிறேன். நாங்கள் எழுதுவது ஒற்றைக் கணினியில், இணையம் இல்லாமல் இயங்க வேண்டிய இடங்களுக்காக.) நாட்காட்டி முறை ஒரு திட்டம் நிலைகொண்ட பிறகு மிகச் சிறந்தது, ஏனென்றால் முடியாத வசதியை அடுத்த பதிப்புக்குத் தள்ளிவிடலாம். முதலாவது வாக்குறுதியை அப்படித் தள்ள முடியாது. தரவு வடிவத்தைப் பாதி உறுதியாக வெளியிடுவது என்று ஒன்று இல்லை. உபுண்டுகூட 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பை ஆறு வாரம் பின்போட்டு ஜூனில் 6.06 என்று வெளியிட்டது. நீண்ட கால ஆதரவு தருவதாக அவர்கள் வாக்களித்த முதற் பதிப்பு அது என்பதே காரணம். 1.0 க்குப் பிறகு நாங்களும் ஆண்டுக்கு இரு பதிப்பு என்று போகலாம், போக வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

மூன்றாவது வழியை நான் ஆதரிக்கிறேன்: மாநாட்டை முதலில் வைப்பது, அங்கே 1.0 இன் முன்வெளியீட்டை (இறுதிப் பதிப்புக்கு முந்திய சோதனைப் பதிப்பை) உருவாக்குவது, அதை உண்மையான நூலகங்களில் சோதித்த பிறகு எண்ணை வழங்குவது. இதில் மாநாடு வேலைத்தளமாகிறது. டெபியன் சமூகம் தன் ஆண்டு மாநாட்டுக்கு முன்னால் டெப்கேம்ப் என்ற பெயரில் சில நாட்களை நிரல் எழுதுவதற்கென்றே ஒதுக்குகிறது. 2023 செப்டெம்பரில் அந்த மாநாடு கொச்சியில் நடந்தது, கடலுக்கு அந்தப் பக்கம் நமக்கு மிக அருகில். அதேபோல நாமும் முதல் இரண்டு நாட்களை மேடையில்லாமல் நடத்தலாம். பத்து நூலகர்கள் தங்கள் பட்டியலைப் பென்டிரைவில் கொண்டுவருவார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு நிரலாளர் அமர்ந்து, மாற்றி, தேடி, அடுக்கி, எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பார். 'கெளரி' போன்ற வழுக்களைப் பிடிக்க இதைவிடச் சிறந்த வலையை நான் அறியேன்.

இந்த வழியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அனுசரணை கேட்பது கடினமாகும். பத்திரிகையில் செய்தி சிறிதாக வரும். அதைவிடப் பெரிய ஆபத்து மாநாட்டுக்குப் பிறகு வரும் சோர்வு: எல்லோரும் களைத்து வீடு திரும்பிய பின், மீதி வழுக்களை அடைக்கும் வேலை இரண்டு மூன்று பேர் தோளில் விழும். அதனால் மாநாட்டின் கடைசி மணித்தியாலத்தில், மீதமுள்ள ஒவ்வொரு வழுவுக்கும் ஒரு பெயரும் ஒரு வாரமும் குறிக்கப்பட வேண்டும். பெயர் கிடைக்காத வசதி 1.0 இலிருந்து நீக்கப்பட வேண்டும். இந்த ஒழுங்கை நாம் கடைப்பிடிக்கமாட்டோம் என்றால் மூன்றாவது வழி இரண்டாவது வழியாகவே முடிந்துவிடும்.

காலத்தைப் பற்றிப் பேசும்போது திருகோணமலையின் காற்றையும் மழையையும் கேட்காமல் முடியாது. வடகீழ்ப் பருவ மழை இங்கே ஒக்டோபர் பிற்பகுதியில் பிடிக்கும்; ஆண்டு மழையில் பாதிக்குக் கிட்டிய பங்கு நவம்பர், டிசம்பர் ஆகிய இரண்டு மாதங்களில் மட்டும் கொட்டிவிடும். 2024 நவம்பரில் கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையையே காலநிலை காரணமாகச் சில நாட்கள் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தீவைப் புரட்டிப் போட்டது. 1964 டிசம்பர்ப் புயலை இன்னும் பேசும் முதியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஆகவே "ஆண்டு முடிவதற்குள் டிசம்பரில் வைத்துவிடுவோம்" என்ற முன்மொழிவை மேலும் ஆராயத் தேவையில்லை. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று. வெயிலும் புழுதியுமாக மண்டபம் கொதிக்கும். அதே மாதங்கள்தான் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் சுற்றுலாப் பயணிகள் நிறைந்து வரும் காலம் என்பதால் அறை வாடகையும் ஏறியிருக்கும்.

பெப்ரவரி, மார்ச் மாதங்கள் காலநிலையில் இனிமையானவை. ஆனால் 2027 இல் நோன்பு பெப்ரவரி இரண்டாவது வாரத்தில் தொடங்கி மார்ச் இரண்டாவது வாரம் வரை செல்கிறது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரவேண்டிய நூலகர்களை நோன்பு நாளில் காலை முதல் மாலை வரை மண்டபத்தில் இருத்திவைப்பது முறையன்று. அதைத் தொடர்ந்து பங்குனித் திருவிழாவும் சித்திரைப் புத்தாண்டும் வந்துவிடும். எஞ்சுவது செப்டெம்பர்: கச்சான் தணிந்து, மழை இன்னும் தொடங்காத இடைவெளி; விடுதிகளிலும் நெரிசல் குறையத் தொடங்கும். 2026 இல் 14 ஆம் திகதி விநாயக சதுர்த்தி, 26 ஆம் திகதி போயா. இவற்றுக்கு நடுவில் 19, 20 ஆகிய சனி, ஞாயிறு நாட்கள் பொருந்துகின்றன. சனிக்கிழமை புரட்டாதி முதற் சனி என்பதால் மரக்கறிச் சாப்பாட்டைக் கூடுதலாக ஒழுங்குசெய்தால் போதும். பட்டியல்களைத் திருத்தும் வேலையை முந்திய வியாழன், வெள்ளி நாட்களில் வைத்து, வெள்ளி நண்பகலில் ஜும்மாவுக்குப் போதிய இடைவெளி விட வேண்டும்.

ஒக்டோபரை முன்மொழிந்தவர்களுக்கு ஒரு தனிப் பதில் கடமைப்பட்டிருக்கிறேன். அது தேசிய வாசிப்பு மாதம்; நூலகம் பற்றி எல்லோரும் பேசும் மாதம். விஜயதசமியும் அதில் வருவதால், ஏடு தொடக்கும் நாளில் 1.0 ஐ வெளியிடலாம் என்று குழுவின் இளையவர் ஒருவர் சொன்னபோது எனக்கும் மனம் இளகியது. ஆனால் வாசிப்பு மாதத்தில்தான் நூலகருக்கு மூச்சுவிட நேரமில்லை: போட்டிகள், கண்காட்சிகள், பாடசாலை வருகைகள். அந்த மாதத்தில் புதிய மென்பொருளை அவர் மேசையில் வைப்பது அவருக்கு உதவியாக இராது. அந்த நாளின் பொருத்தத்தை வேறொரு விதமாக எடுத்துக்கொள்ளலாம். ஏடு தொடக்குவது எழுத்தின் முதல் நாள். முன்வெளியீட்டை வாசிகசாலைகளில் நிறுவிச் சோதனையைத் தொடங்கி வைக்கும் நாளாக அது மிகவும் பொருந்தும்.

இடத்தைப் பற்றிய விவாதம் இவ்வளவு சிக்கலானதன்று. கொழும்பில் இணையமும் அனுசரணையும் எளிது. யாழ்ப்பாணத்தில் தமிழ் நிரலாளர் கூட்டம் பெரிது. ஆனால் வெருகலிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் ஒரு நூலகர் தன் பட்டியலோடு அங்கே போய்வர மூன்று நாள் விடுப்பு எடுக்க வேண்டும், அவர் போகமாட்டார். திருகோணமலைக்கு கொழும்புக் கோட்டையிலிருந்து இரவுப் புகையிரதம் உண்டு. மட்டக்களப்பிலிருந்து கரையோர வீதி இருக்கிறது, 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பயணத்தில் ஓடத்துறைக் காத்திருப்பு ஒன்று குறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தவர்களுக்கு மட்டுமே நேர்ப் புகையிரதம் இல்லை, வவுனியா வழியாகப் பஸ்ஸில்தான் வரவேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வர விரும்புவோருக்கு நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஒரு வழி. மாரிக்காலத்தில் அது நிறுத்தப்படுவதுண்டு என்பதும் செப்டெம்பருக்கு ஆதரவாகவே நிற்கிறது.

ஊருக்குள் மூன்று தெரிவுகள்: உப்புவெளி விடுதி மண்டபம், நகரத்துப் பாடசாலை மண்டபம், நிலாவெளி கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம். விடுதியில் குளிரூட்டியும் மின்பிறப்பாக்கியும் இருக்கும், ஆனால் பட்ஜெட்டின் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும், நூலகர்களின் போக்குவரத்துச் செலவுக்கு ஒன்றும் மிஞ்சாது. பாடசாலை நகர மத்தியில் இருப்பது வசதி. மேசைகள் சிறியவை, மின் இணைப்புப் புள்ளிகள் சுவரோரம் மட்டும். பிரசல்ஸில் ஆண்டுதோறும் பல்லாயிரம் நிரலாளர்கள் கூடும் ஃபொஸ்டெம் மாநாடு ஒரு பல்கலைக்கழக வளாகத்தில்தான், நுழைவுக் கட்டணமோ பதிவோ இல்லாமல் நடக்கிறது. எங்கள் சின்னக் கூட்டத்துக்கும் வளாகமே சரி என்பது என் கருத்து. கணினிக் கூடம் உண்டு, மாணவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். நகரத்திலிருந்து காலையும் மாலையும் ஒரு பஸ்ஸை வாடகைக்கு அமர்த்தினால் தூரம் தடையாகாது.

எங்கே வைத்தாலும் இணையத்தை நம்பி மட்டும் வைக்கக் கூடாது. அறுபது பேர் ஒரே காலையில் நிரற் களஞ்சியத்தையும் அதற்குத் தேவையான பொதிகளையும் இறக்கத் தொடங்கினால் எந்த இணைப்பும் மூச்சுத் திணறும். களஞ்சியத்தின் பிரதியும் பொதிகளின் பிரதியும் ஒரு மடிக்கணினியில் முன்கூட்டியே ஏற்றப்பட்டு, மண்டபத்துக்குள் ஒரு ரவுட்டர் வழியாக வழங்கப்பட வேண்டும். வெளி இணைப்பு இரண்டு வேறு நிறுவனங்களிடமிருந்து இருக்க வேண்டும். இந்த ஒழுங்கு எங்கள் மென்பொருளுக்கும் ஒரு சோதனை: இணையம் இல்லாத இடத்துக்கென்று எழுதுகிறோம், அப்படி ஒரு மண்டபத்தில் அதை நிறுவிக்காட்ட முடிய வேண்டும்.

இப்போது எண்ணை எப்போது வழங்குவது என்பதற்கு வருகிறேன். பொது நூலகங்களிலும் பாடசாலைகளிலும் ஆண்டு முடிவில் இருப்புக் கணக்கெடுப்பு நடக்கும். ஒவ்வொரு நூலையும் அலுமாரியிலிருந்து எடுத்து, இலக்கத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எங்கள் மென்பொருளுக்கு இதைவிடக் கண்டிப்பான பரீட்சை கிடையாது; நாங்கள் எதுவும் செய்யாமலே ஆண்டுதோறும் தானாக நடக்கும் பரீட்சை அது. மூன்று வாசிகசாலைகளும் இரண்டு பாடசாலைகளும் தங்கள் கையெழுத்துப் பதிவேட்டோடு சமாந்தரமாக முன்வெளியீட்டிலும் அந்தக் கணக்கெடுப்பை நடத்தட்டும். பதிவேட்டில் இருந்து கணினியில் காணாத ஒவ்வொரு நூலுக்கும் காரணம் எழுதப்படட்டும். தட்டெழுதத் தவறியது நூலகர் திருத்த வேண்டியது. மாற்றியோ தேடலோ தொலைத்தது எங்களுடையது. எங்களுடைய பட்டியலில் ஒன்றும் மிஞ்சாத நாளில், ஐந்து இடங்களின் காப்புப்பிரதிகளும் வேறொரு கணினியில் முழுமையாக மீட்டெடுக்கப்பட்ட பிறகு, 1.0 கையொப்பமிடப்படட்டும். அது 2027 ஜனவரி கடைசி வாரமாக அமைந்தால் நோன்புக்கு முன்னதாகவே நூலகங்களைச் சென்றடையும். தவறினால் பெருநாள் கழிந்து மார்ச் நடுப்பகுதி. மழைக்காலம் எவரும் பயணம் செய்யாத காலம், வீட்டிலிருந்து வழு திருத்த உகந்த காலம் என்பதும் இந்த ஒழுங்குக்குள் தானாக அமைந்துவிடுகிறது. இடைமுகச் சொற்களை மட்டும் நவம்பர் முதலாம் திகதியோடு நிறுத்திவிட வேண்டும்; சிங்கள மொழிபெயர்ப்பைக் கவனிப்பவர்கள் கடைசி வாரத்தில் மாறும் சொற்களால் ஏற்கெனவே இருமுறை துன்பப்பட்டார்கள்.

மார்ச்சிலும் ஆயத்தமாகவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 0.9 க்கு அடுத்து 0.10 என்று ஒரு பதிப்பை வெளியிடலாம். விதிமுறை அதற்கு இடம் தருகிறது. கெடு இல்லாத காத்திருப்பாக அது மாறாதிருக்க, அப்போது 1.0 இலிருந்து வசதிகளைக் குறைப்பது என்று இப்போதே எழுதி வைப்போம்: இரவல் நினைவூட்டலும் அங்கத்தவர் அட்டை அச்சிடுதலும் முதலில் போகட்டும். பட்டியல், தேடல், காப்புப்பிரதி ஆகிய மூன்றிலும் கை வைக்கக் கூடாது.

இந்த மாத இறுதிக்குள் செய்ய வேண்டியவை இரண்டுதான்: வளாகத்துக்கு மண்டபம் கேட்டு எழுதும் கடிதம், கணக்கெடுப்பில் சேரும் ஐந்து இடங்களின் பட்டியல். கடிதத்தின் வரைவை நான் எழுதிவிட்டேன், குழுவின் ஒப்புதல் கிடைத்தால் அனுப்பலாம். பட்டியலில் முதலாவதாக மூதூர்ப் பக்கத்து வாசிகசாலையை எழுதியிருக்கிறேன். அங்குள்ள நூலகர் அக்காவிடம் நேரில் போய்க் கேட்டேன். சம்மதித்துவிட்டார், ஆனால் கணக்கெடுப்பு முடியும்வரை தன் கையெழுத்துப் பதிவேட்டை மூடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மூட வேண்டாம் என்று நானும் சொல்லிவிட்டு வந்தேன்.